(க + 3)² ஏன் க² + 9 ஆகாது? ஈருறுப்புப் பெருக்கலை எங்கிருந்து தொடங்குவது?

பொழிலி

எல்லோருக்கும் வணக்கம். இயற்கணிதம் புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லித் தருகிறேன். ஒத்த உறுப்புகளைச் சேர்ப்பது, 4(க + 3) போன்றவற்றைப் பிரித்து எழுதுவது எல்லாம் தடங்கல் இல்லாமல் போகிறது. இரண்டு அடைப்புக்குறிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் அத்தனையும் நின்றுவிடுகிறது.

(க + 3)(க + 5) கொடுத்தால் பாதிப் பேர் க² + 15 என்று எழுதுகிறார்கள். (க + 3)² கொடுத்தால் ஏறக்குறைய எல்லோரும் க² + 9. சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தால் தலையாட்டுகிறார்கள், அடுத்த வாரம் அதே விடை திரும்பி வருகிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் மருந்து ஃபாயில் முறை: முதல் உறுப்புகள், வெளி உறுப்புகள், உள் உறுப்புகள், கடைசி உறுப்புகள் என்று வரிசையாக நான்கு பெருக்கல். அதைச் சொல்லிக் கொடுத்ததும் விடை சரியாக வரத் தொடங்குகிறது. ஆனால் (க + 2)(க² + 3க + 4) என்று ஒன்று வந்தால் போதும், அங்கேயும் முதல், வெளி, உள், கடைசி என்று நான்கை மட்டும் பெருக்கிவிட்டு நிம்மதியாகப் பேனாவை மூடிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் 3க-வை யாரும் தொடுவதே இல்லை. சூத்திரத்தில் அதற்கு இடம் இல்லையே!

எனக்கு இந்தச் சூத்திரத்தையே விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது. தேர்வுக்கு அதுதான் வேகம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். (தட்டச்சுக்கு எளிது என்பதால் மாறியை 'க' என்றே எழுதுகிறேன்.)

---

வர்க்கமூலம்

பொழிலி, நல்ல கேள்வி. பல காலம் வகுப்பில் நின்றவன் என்ற முறையில் என் கருத்து: ஃபாயில் என்பது ஒரு விடையின் சுருக்கம். காரணத்தைப் பார்த்த பிறகு அது தன்னாலேயே கிடைக்கும். காரணத்துக்கு முன்னால் கொடுத்தால் நீங்கள் சொன்ன நோய்தான் வரும்.

காரணம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, பங்கீட்டுப் பண்பு. உங்கள் பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே தெரியும், 4(க + 3) = 4க + 12 என்று போடுகிறார்களே. அதையே இரண்டு முறை செய்யவேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

வகுப்பில் நான் செய்வது இது. பலகையில் (க + 3)(க + 5) என்று எழுதுவேன். (க + 5) மேல் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி அதில் 'ம' என்று எழுதிவிடுவேன். இப்போது பலகையில் இருப்பது (க + 3)ம. இதைப் பிரிக்கச் சொன்னால் யாரும் தடுமாறுவதில்லை. கம + 3ம. அடுத்து இரண்டு 'ம' இருக்கும் இடத்திலும் காகிதத்தை எடுத்துவிட்டால்:

க(க + 5) + 3(க + 5)

இதுவும் அவர்களுக்குத் தெரிந்த கணக்கு. க² + 5க + 3க + 15. ஒத்த உறுப்புகளைச் சேர்த்தால் க² + 8க + 15. புதிதாக ஒன்றுமே சொல்லித் தரவில்லை, பார்த்தீர்களா? இந்த இடைவரியை, அதாவது க(க + 5) + 3(க + 5) என்பதை, குறைந்தது சில வாரங்களுக்காவது எழுதவைப்பேன். அந்த வரியை எழுதுகிற பிள்ளை க² + 15 என்று எழுதவே முடியாது.

உங்கள் (க + 2)(க² + 3க + 4) கணக்கும் இதே வழியில் போகும். க(க² + 3க + 4) + 2(க² + 3க + 4). ஆறு பெருக்கல்கள் தாமாகவே வந்து நிற்கும். எத்தனை என்று நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதே இல்லை.

---

ஒன்பதாம்_பெஞ்ச்

சார், நான் மாணவன். எனக்கு ஃபாயில் பிடிக்கும், வேகமாக முடிகிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு வரி கூடுதலாக எழுதினால் தேர்வில் நேரம் போதாது.

இன்னொரு சந்தேகம். (3க)² = 9க² என்று போட்டால் சரி என்கிறார்கள். அங்கே வர்க்கம் இரண்டுக்கும் தனித்தனியாகப் போகிறது. (க + 3)² என்றால் மட்டும் ஏன் போகக்கூடாது? "அது அப்படித்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை நிறையக் கேட்டுவிட்டேன்.

---

வர்க்கமூலம்

தம்பி, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உனக்கு முழு மார்க் தரலாம். பொழிலியின் பிள்ளைகள் க² + 9 எழுதுவதற்கு வேரே இதுதான். பெருக்கலில் பார்த்த ஒன்றைக் கூட்டலுக்கும் நீட்டிவிடுகிறார்கள்.

(3க)² என்றால் 3க × 3க. அதாவது 3 × க × 3 × க. எல்லாமே பெருக்கல் என்பதால் வரிசையை மாற்றலாம். 3 × 3 × க × க. மூன்றுகள் ஒரு பக்கம், க-க்கள் ஒரு பக்கம். அதனால் 9க².

(க + 3)² என்றால் (க + 3) × (க + 3). நடுவில் கூட்டல் குறி இருக்கிறது. பெருக்கலையும் கூட்டலையும் அப்படி இடம் மாற்றிப் போட முடியாது.

ஒரு சதுரம் வரைந்து பார். பக்கம் க + 3. ஒவ்வொரு பக்கத்திலும் க முடியும் இடத்தில் ஒரு கோடு இழு. உள்ளே நான்கு துண்டுகள் விழும். ஒரு மூலையில் பெரிய சதுரம், பரப்பு க². எதிர் மூலையில் சின்னச் சதுரம், பரப்பு 9. மிச்சம் இரண்டு நீளப் பட்டைகள், ஒவ்வொன்றும் 3-க்கு க. க² + 9 என்று எழுதுகிறவர் அந்த இரண்டு சதுரங்களை மட்டும் எண்ணிவிட்டுப் பட்டைகளை விட்டுவிடுகிறார். விட்டுப்போன பரப்பு 6க. க என்பது 100 ஆக இருந்தால் விட்டது 600.

எப்போது இரண்டும் சமமாகும்? பட்டைகள் காணாமல் போனால் மட்டும், அதாவது க = 0 என்றால் மட்டும்.

நேரத்தைப் பற்றிச் சொன்னாய், நியாயம்தான். இடைவரியை மனத்திலேயே பார்க்க முடிகிற நாளில் எழுதுவதை நிறுத்திவிடு. அதுவரை எழுது.

---

மீள்கற்றல்

பள்ளியை விட்டு வெகுகாலம் ஆகி, இப்போது என் விருப்பத்துக்காகக் கணிதத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறேன். சார் சொன்ன சதுரப் படம் நன்றாக மனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் எனக்கு ஒரு முள் இருக்கிறது.

(க − 3)(க − 5) என்று வந்தால் படம் என்ன ஆகும்? −3 என்று ஒரு நீளம் கிடையாதே. சூத்திரப்படி போட்டால் க² − 8க + 15 வருகிறது. அந்தக் கடைசி +15 எங்கிருந்து வருகிறது? "குறையும் குறையும் பெருக்கினால் மிகை" என்று வாய்ப்பாடாகத் தெரியும். படத்தில் காட்ட முடியுமா?

---

வர்க்கமூலம்

முடியும். கையில் எண்களை எடுத்துக்கொள்வோம். க = 10. அப்படியென்றால் (10 − 3)(10 − 5), அதாவது 7 × 5 = 35.

10-க்கு 10 சதுரம் ஒன்று. பரப்பு 100. வலது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை 3 அகலத்துக்கு ஒரு பட்டையை நீக்க வேண்டும். அதன் பரப்பு 30. கீழ் ஓரத்தில் இடமிருந்து வலம் வரை 5 உயரத்துக்கு இன்னொரு பட்டை. அதன் பரப்பு 50. நூறிலிருந்து இரண்டையும் கழித்தால் 20.

ஆனால் மிஞ்சவேண்டியது 35 ஆயிற்றே! வலது கீழ் மூலையைப் பாருங்கள். 3-க்கு 5 உள்ள அந்தத் துண்டு இரண்டு பட்டைகளிலும் இருக்கிறது. ஒரே துண்டை இரண்டு தடவை கழித்துவிட்டோம். ஒரு தடவை திருப்பிக் கூட்டவேண்டும். 20 + 15 = 35. உங்கள் +15 அந்த மூலைதான்.

குறி விதிக்கு இதுவே முழு நிரூபணம் என்று சொல்லமாட்டேன், க என்பது 3-ஐயும் 5-ஐயும் விடப் பெரிதாக இருக்கும்போதுதான் இந்தப் படம் வரையமுடியும். எல்லா எண்களுக்கும் பங்கீட்டுப் பண்பு நிற்கவேண்டும் என்று கேட்டால் (−3)(−5) = +15 தவிர வேறு வழி இல்லை. எப்படி என்றால், (−3)(5 − 5) என்பது −3 பெருக்கல் சுழியம், எனவே 0. பிரித்து எழுதினால் −15 + (−3)(−5). கூட்டுத்தொகை 0 ஆக வேண்டுமென்றால் இரண்டாவது உறுப்பு 15 ஆகத்தான் இருக்கவேண்டும்.

---

சுவடி

கணித வரலாற்றில் ஆர்வம் உள்ளவன், அதனால் இடையில் நுழைகிறேன். இந்த இழையில் பேசப்படும் ஒவ்வொன்றுக்கும் பழைய தடம் இருக்கிறது.

பாக்தாதில் சுமார் 820-இல் அல்-குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் பெருக்கலுக்கென்றே ஒரு பகுதி உண்டு. பத்துகளோடு ஒன்றுகள் கூடியோ குறைந்தோ இருந்தால் நான்கு பெருக்கல்கள் தேவை என்று அங்கே சொல்லியிருக்கிறார்: பெரியதைப் பெரியதால், பெரியதைச் சிறியதால், சிறியதைப் பெரியதால், சிறியதைச் சிறியதால். ஃபாயிலின் நான்கும் அப்படியே இருக்கிறது. குறியீடு ஒன்றுகூடக் கிடையாது, முழுக்க முழுக்கச் சொற்களிலேயே எழுதியிருக்கிறார். மீள்கற்றல் கேட்ட கேள்வியும் அங்கே வருகிறது. பத்தில் ஒன்று குறைவு, அதைப் பத்தில் ஒன்று குறைவால் பெருக்கவேண்டும். நூறு, அதில் ஒரு பத்து போகும், இன்னொரு பத்தும் போகும், 80, குறை ஒன்றைக் குறை ஒன்றால் பெருக்கினால் கூட்டவேண்டிய ஒன்று, ஆக 81.

அவருக்கும் முன்னால், 628-இல், பிரம்மகுப்தர் மிகை எண்ணைச் சொத்து என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் வைத்துக் குறி விதிகளை எழுதிவிட்டார். கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து.

வர்க்கமூலம் ஐயா வரைந்த (க + 3)² சதுரமோ இன்னும் பழையது. கி.மு. 300 வாக்கில் கிரேக்கக் கணிதர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' என்ற வடிவியல் நூலின் இரண்டாம் புத்தகத்தில் 4ஆவது தேற்றமாக நிற்கிறது. ஒரு கோட்டை இரண்டாக வெட்டினால் முழுக் கோட்டின் மேல் அமையும் சதுரம், இரண்டு துண்டுகளின் சதுரங்களோடு அவற்றால் அமையும் செவ்வகத்தின் இருமடங்கையும் சேர்த்ததற்குச் சமம். அதே புத்தகத்தின் முதல் தேற்றம்தான் பங்கீட்டுப் பண்பு. ஐயா சொன்ன வரிசை அங்கேயும் அப்படியே இருக்கிறது: முதலில் பங்கீடு, அப்புறம் வர்க்கம்.

---

நிரல்_நெசவு

மென்பொருள் எழுதுகிறவன். இந்த நான்கு பெருக்கல்களை நாம் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. 23 × 45 என்பது (20 + 3)(40 + 5). 800 + 100 + 120 + 15 = 1035. ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பெருக்கும்போது இதே நான்கும் 'கையில் இத்தனை' என்ற கணக்கில் மறைந்துபோகின்றன. அதனால் பொழிலியின் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: 23 × 45 என்பது 800 + 15 தானா? யாரும் ஆமாம் என்று சொல்லமாட்டார்கள். க² + 15 எழுதுவதும் அதே காரியம்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த ஒரு விஷயம். நான்கு பெருக்கல்கள் கட்டாயம் என்று வெகுகாலம் நம்பினார்கள். பெரிய எண்களைப் பெருக்க இதைவிடக் கணிசமாக வேகமான வழி இருக்காது என்று சோவியத் கணிதமேதை ஆந்திரே கல்மகோரவ் 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் தன் ஊகத்தைச் சொன்னார். அங்கே உட்கார்ந்திருந்த அனத்தோலி கரட்சுபா என்ற இளைஞர் சில நாட்களிலேயே அதைத் தவறு என்று காட்டிவிட்டார். மூன்று பெருக்கல் போதும்.

எப்படி? 23 × 45-ஐயே எடுப்போம். பத்துகளின் இலக்கங்கள் 2, 4. பெருக்கினால் 8. ஒன்றுகள் 3, 5. பெருக்கினால் 15. இப்போது ஒவ்வோர் எண்ணிலும் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 2 + 3 = 5, 4 + 5 = 9. இவற்றைப் பெருக்கினால் 45. அதிலிருந்து 8-ஐயும் 15-ஐயும் கழித்தால் 22. நடுவில் வரவேண்டியது அதுவே. 800 + 220 + 15 = 1035.

(க + ப)(ச + த) = கச + கத + பச + பத. இந்த நான்கில் கச, பத இரண்டும் முன்பே கையில் இருக்கின்றன. மிச்சம் இருக்கும் கத, பச இரண்டும் தனித்தனியாக நமக்குத் தேவையே இல்லை, அவற்றின் கூட்டுத்தொகைதான் தேவை. அதனால் ஒரு பெருக்கல் மிச்சம். இரண்டு இலக்கத்தில் இதனால் பெரிய லாபம் இல்லை. ஆயிரக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண்களைப் பாதி பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியிலும் மறுபடி இதையே செய்யும்போது லாபம் பெருகிக்கொண்டே போகும். பெரிய எண்களைக் கையாளும் பல நிரல்களின் உள்ளே இன்றைக்கும் இது ஓடுகிறது. வெறும் ஈருறுப்புப் பெருக்கல்!

---

ஒன்பதாம்_பெஞ்ச்

அண்ணா, இது செம. அப்படியென்றால் (2க + 3)(4க + 5) என்று வந்தால் 8, 15, அப்புறம் 45 − 23 = 22. விடை 8க² + 22க + 15. ஃபாயிலில் போட்டுப் பார்த்தேன். 8க² + 10க + 12க + 15. அதேதான்!

---

நிரல்_நெசவு

ஆமாம். 23 × 45-இல் க = 10 என்று இருந்தது, இப்போது க எதுவாகவும் இருக்கலாம். அவ்வளவுதான் வித்தியாசம்.

---

பொழிலி

எல்லோருக்கும் மிக்க நன்றி. காகிதம் ஒட்டும் வழியை நேற்று வகுப்பில் செய்து பார்த்தேன். 'ம'-வை எடுத்துவிட்டு உள்ளே இருப்பதை எழுதும் இடத்தில் இரண்டு பேருக்குச் சட்டென்று பிடிபட்டதை முகத்திலேயே பார்க்க முடிந்தது.

ஆனால் இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. பெருக்கல் சரியாக வருகிறது, அதற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி இருந்தால் எல்லாம் குலைகிறது. 5 − (க − 2)(க + 3) என்று கொடுத்தேன். பெருக்கி க² + க − 6 என்று சரியாகக் கண்டுபிடிக்கிறார்கள். அடுத்த வரியில் 5 − க² + க − 6 என்று எழுதிவிடுகிறார்கள். கழித்தல் குறி முதல் உறுப்போடு நின்றுவிடுகிறது. வரவேண்டியது 5 − க² − க + 6, அதாவது 11 − க − க².

இதற்கு ஏதாவது வழி?

---

வர்க்கமூலம்

பெருக்கிய பிறகும் அடைப்புக்குறியைக் கழற்றக்கூடாது. 5 − (க² + க − 6) என்று ஒரு வரி. அதற்கு அடுத்த வரியில்தான் கழற்றல். பெருக்குவது ஒரு வேலை, கழிப்பது வேறு வேலை, இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதால்தான் குறி விழுகிறது. இதில் வேறு வித்தை ஒன்றும் எனக்குத் தெரியாது. விடாமல் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.

---

நிரல்_நெசவு

அதோடு, தங்கள் விடையைத் தாங்களே சோதிக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கொண்டுவரலாம். க-வுக்கு ஓர் எண்ணைப் போட்டு இரண்டு பக்கமும் சமமா என்று பார்ப்பது. நிரல் எழுதுகிறவர்கள் தினமும் செய்யும் வேலை இது. எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

0 போடாதீர்கள். (க + 3)²-ம் க² + 9-ம் க = 0 என்றால் இரண்டும் 9. தவறான விடை அழகாகத் தப்பித்துவிடும். வர்க்கமூலம் சார் சொன்ன மாதிரி பட்டைகள் காணாமல் போகும் ஒரே இடம் அது.

1-ம் நல்ல தேர்வு இல்லை. 1-இன் வர்க்கமும் 1, கனமும் 1. (2க + 3)(க + 4)-க்கு 2க + 11க + 12 என்று அடுக்கை மறந்து எழுதியவருக்கும் 25 வரும், 2க² + 11க + 12 என்று சரியாக எழுதியவருக்கும் 25 வரும்.

10 போடுங்கள். 23 × 14 = 322. சரியான விடையில் 200 + 110 + 12 = 322. அடுக்கை மறந்தவருக்கு 20 + 110 + 12 = 142. உடனே மாட்டிக்கொள்வார். பத்தைப் போட்டால் கெழுக்கள் நூறு, பத்து, ஒன்று என்ற இடங்களில் போய் உட்காரும், கூட்டுவதும் சுலபம்.

ஒரே எண்ணில் சமமாக வந்ததால் விடை கட்டாயம் சரி என்று ஆகிவிடாது. வேறுபட்ட இரண்டு இருபடிக் கோவைகள் அதிகபட்சம் இரண்டு இடங்களில் சமமாகலாம். ஆகவே மூன்று வெவ்வேறு எண்களில் சமமாக வந்துவிட்டால் அப்புறம் சந்தேகத்துக்கே இடம் இல்லை, இரண்டும் ஒன்றுதான்.

---

மீள்கற்றல்

அருமை. நான் இப்போது காரணிப்படுத்தலில் இருக்கிறேன். க² + 2க − 15-ஐ இரண்டு ஈருறுப்புகளாக உடைக்கவேண்டும். பெருக்கலைக் கட்டம் போட்டுச் செய்து பழகியதால் இது பின்னோக்கி நடப்பதுபோல் ஆகிவிட்டது.

இரண்டுக்கு இரண்டு கட்டம். மேல் இடதில் க², கீழ் வலதில் −15. மற்ற இரண்டு கட்டங்களும் காலி. அவற்றில் வரும் இரண்டும் கூடினால் 2க ஆகவேண்டும், பெருக்கினால் −15க². 5க, −3க. எழுதிவிட்டு ஓரங்களைப் படித்தால் (க + 5)(க − 3).

ஃபாயிலை மட்டும் மனப்பாடம் செய்திருந்தால் எனக்கு இது புரிந்திருக்காது. 2க என்பது இரண்டு துண்டுகள் சேர்ந்து ஒன்றாகிப்போனது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதை மறுபடி இரண்டாகப் பிரிக்கவேண்டும் என்பதே தோன்றியது. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

---

ஒன்பதாம்_பெஞ்ச்

கோபம் எல்லாம் இல்லை அக்கா. காரணிப்படுத்தலில் எண்களைத் தேடும்போது எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். கட்டம் போட்டுப் பார்க்கிறேன்.

---

சுவடி

மீள்கற்றல் அவர்கள் காலிக் கட்டத்தை நிரப்பினார்கள். அல்-குவாரிஸ்மியும் ஒரு காலி மூலையை நிரப்பித்தான் இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தார். அவருடைய புகழ்பெற்ற கணக்கு க² + 10க = 39. க² ஒரு சதுரம். 10க-வை இரண்டு 5க பட்டைகளாக்கி இரண்டு பக்கம் ஒட்டவேண்டும். மூலையில் 5-க்கு 5 இடம் காலியாக நிற்கும். அதற்கு 25 சேர்த்தால் முழுச் சதுரம், (க + 5)². மறுபக்கம் 39 + 25 = 64. ஆக க + 5 = 8, க = 3. (குறை விடையை அவர் கணக்கில் எடுக்கவில்லை.) பட்டைகளைப் பார்க்கத் தெரியாமல் (க + 5)²-ஐ க² + 25 என்று நினைப்பவருக்கு இந்த வழியே மூடிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஆரியபட்டர் 499-இல் எழுதிய நூலில் பெருக்கலை வர்க்கங்களால் செய்யும் விதி ஒன்று இருக்கிறது. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி, அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையைக் கழித்து, பாதியாக்கினால் அவற்றின் பெருக்கற்பலன். மேலே ஐயா போட்ட 7 × 5-ஐயே எடுங்கள். 12² = 144. 49 + 25 = 74. கழித்தால் 70. பாதி 35.

(க + ப)² = க² + 2கப + ப² என்ற முற்றொருமையில் நடு உறுப்பை மட்டும் தனியே வெளியே எடுத்தால் இந்த விதி வரும். எந்த உறுப்பைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்களோ அதை வைத்தே ஒரு பெருக்கல் முறை!

---

வர்க்கமூலம்

சுவடி, இதை வகுப்பில் கட்டாயம் சொல்லவேண்டும். இதே இனத்தில் பிள்ளைகள் விரும்பும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன், பொழிலிக்குப் பயன்படும்.

47 × 53 = (50 − 3)(50 + 3). நடு உறுப்புகள் −150, +150, ஒன்றை ஒன்று அடித்துவிடும். 2500 − 9 = 2491. 98² = (100 − 2)² = 10000 − 400 + 4 = 9604. 5-இல் முடியும் எண்ணின் வர்க்கம்: 65² என்றால் 6-ஐ அடுத்த எண்ணான 7-ஆல் பெருக்கி 42, பின்னால் 25 ஒட்டினால் 4225. ஏன் என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். (10க + 5)²-ஐப் பிரித்தால் 100க² + 100க + 25, முதல் இரண்டிலிருந்து 100க(க + 1) வெளியே வரும். ஈருறுப்புப் பெருக்கலுக்கு இவ்வளவு நேரம் ஏன் கொடுக்கிறோம் என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த 65² ஒன்றே போதும்.

---

பொழிலி

என் முதல் கேள்விக்குத் திரும்ப வருகிறேன். முடிவு செய்துவிட்டேன். முதலில் 23 × 45, நான்கு துண்டுகளாக. அப்புறம் கட்டம். அப்புறம் காகிதம் ஒட்டிய பங்கீடு. சூத்திரத்தை நானாகச் சொல்லப்போவதில்லை. எந்தப் பிள்ளையாவது "எப்போதும் இந்த நான்குதானே வருகிறது" என்று கண்டுபிடித்துச் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். உறுப்புகள் இரண்டுக்கு மூன்றாக இருந்தால் எத்தனை வரும் என்று மட்டும் திருப்பிக் கேட்பேன்.

அந்த (க + 2)(க² + 3க + 4)-ஐ இரண்டுக்கு மூன்று கட்டம் போட்டுச் செய்யவைத்தேன். க³, 3க², 4க மேல் வரிசை. 2க², 6க, 8 கீழ் வரிசை. ஒத்த உறுப்புகள் சாய்வாக எதிரெதிரே வந்து நிற்பதை ஒரு பெண் தானாகவே கவனித்து விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். க³ + 5க² + 10க + 8. ஒருவர்கூட 3க-வை விடவில்லை.

தம்பி, உனக்கும் ஒன்று தருகிறேன். (க + 1)(க + 2)(க + 3). ஃபாயில் இதற்கு வராது. போட்டுப் பார்த்து, சரிபார்த்து எழுது.

---

ஒன்பதாம்_பெஞ்ச்

போட்டேன் டீச்சர். முதல் இரண்டையும் பெருக்கினால் க² + 3க + 2. அதன்மேல் 'ம' ஒட்டினேன். ம(க + 3) = கம + 3ம. எடுத்துவிட்டால் க³ + 3க² + 2க + 3க² + 9க + 6. சேர்த்தால் க³ + 6க² + 11க + 6.

10 போட்டுச் சரிபார்த்தேன். 11 × 12 × 13 = 1716. இந்தப் பக்கம் 1000 + 600 + 110 + 6 = 1716.

ஒரு சந்தேகம். மூன்று அடைப்புக்குறி என்றால் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் உறுப்பு எடுத்து 2 × 2 × 2 = 8 பெருக்கல்கள் வரவேண்டுமே. எனக்கு ஆறுதான் வந்தது?

---

வர்க்கமூலம்

எட்டும் உன் விடையில் இருக்கின்றன. க² + 3க + 2 என்று எழுதியபோதே 2க-வையும் 1க-வையும் சேர்த்து 3க ஆக்கிவிட்டாய். நான்காக இருந்தது அங்கேயே மூன்றாகிவிட்டது. சேர்க்காமல் க² + 2க + க + 2 என்றே வைத்து (க + 3)-ஆல் பெருக்கிப் பார், எட்டும் வரும்.

எட்டில் க² வருபவை எவை என்று மட்டும் பார்த்து எழுது. இரண்டு அடைப்புக்குறிகளிலிருந்து க, ஒன்றிலிருந்து எண். 1, 2, 3 என்று மூன்று விதம், கூட்டினால் 6. அடுத்து 11 எப்படி வந்தது என்பதை நீயே இப்படிச் சொல், காத்திருக்கிறேன்.

---

ஒன்பதாம்_பெஞ்ச்

ஒன்றிலிருந்து க, மற்ற இரண்டிலிருந்து எண்கள். 1×2, 1×3, 2×3. அதாவது 2 + 3 + 6 = 11. கடைசி 6 என்பது 1×2×3. சார், அப்படியென்றால் (க + 4)-ஐயும் சேர்த்து நான்கு அடைப்புக்குறி கொடுத்தாலும் பெருக்காமலே எழுதிவிடலாம்! க³-இன் கெழு 1 + 2 + 3 + 4 = 10, மாறிலி 24. நடுவில் உள்ள இரண்டையும் போட்டுவிட்டு வருகிறேன்.